பழைய குத்துச்சண்டையும் இன்றைய ஹெவிவெயிட்டும்: யாருடைய விதியில் மோதுவது?

1970 ஜனவரியில், நடக்கவே நடக்காத ஒரு சண்டையை அமெரிக்கத் தியேட்டர்களில் டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். ஒரு பக்கம் ராக்கி மார்சியானோ. 49 சண்டை, 49 வெற்றி, 1956ல் ஓய்வு. இன்னொரு பக்கம் முகமது அலி. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் உரிமம் பறிக்கப்பட்டு, சண்டை இல்லாமல் இருந்த காலம் அது. மர்ரி வோரோனர் என்ற தயாரிப்பாளர் இருவரின் விவரங்களையும் ஒரு கம்ப்யூட்டருக்குள் கொடுத்து "யார் ஜெயிப்பார்?" என்று கேட்டார். இருவரையும் ரிங்குக்குள் இறக்கி, பல விதமான முடிவுகளைப் படம் பிடித்தார்கள். மார்சியானோ இதற்காக எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டார். பாவம், படம் வெளிவருவதற்கு முன்பே 1969 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துபோனார்.

அமெரிக்காவில் காட்டிய பிரதியில் 13ஆவது சுற்றில் மார்சியானோ நாக்அவுட் செய்கிறார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் முகம் கிழிந்த மார்சியானோவை நடுவர் நிறுத்த, அலி ஜெயிக்கிறார். ஒரே கம்ப்யூட்டர், ஒரே சண்டை, ஊருக்கு ஒரு முடிவு!

டைசன் ஃப்யூரியை ஜோ லூயிஸ் அடித்திருப்பாரா, உசிக்கிடம் ஃப்ரேசியர் தாங்குவாரா என்று விவாதம் வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம்தான் ஞாபகத்துக்கு வரும். கேள்வியில் ஒரு முக்கியமான விவரம் விடுபட்டுவிடுகிறது. எந்த வருஷத்து விதியில்? எத்தனை சுற்று? என்ன கிளவுஸ்? இதையெல்லாம் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. ஏன்னா, ஒரு பாக்ஸரின் ஸ்டைல் என்பதே அந்தக் காலத்து நிபந்தனைகளுக்கு அவர் கண்டுபிடித்த விடை. இதைத்தான் இந்தக் குறிப்பில் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

முதலில் அந்தப் பழைய படச்சுருள்கள்

1910களின் சண்டைப் படங்களைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது, "என்னப்பா இது, கோமாளித்தனமா இருக்கே" என்பதுதான். கை வெட்டுகிறது, கால் குதிக்கிறது. அதில் பாதி குற்றம் கேமராவுடையது. அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 படம் போல எடுத்ததைப் பிற்காலத்தில் 24 படம் வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் சார்லி சாப்ளின் மாதிரிதான் தெரிவார்கள். சரியான வேகத்துக்குத் திருத்திய பிரதியில் ஜாக் ஜான்சனைப் பாருங்கள். வேறு ஆள். எதிராளியின் குத்தை உள்ளங்கையில் பிடிக்கிறார், அவர் புஜத்தை அமுக்கி வைக்கிறார், கட்டிப்பிடித்த நிலையிலேயே அப்பர்கட் போடுகிறார். அவசரமே இல்லை. 45 சுற்றுக்கு ஒப்பந்தம் போட்டவர் ஏன் அவசரப்பட வேண்டும்?

வெறுங்கை நின்ற விதம்

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 1838ல் வந்த லண்டன் பிரைஸ் ரிங் விதிகளின்படி கிளவுஸ் கிடையாது. ஒருவர் கீழே விழுந்தால் அதோடு ஒரு சுற்று முடிந்தது. 30 நொடி ஓய்வு, பிறகு 8 நொடிக்குள் நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். இடுப்புக்கு மேலே பிடித்துத் தூக்கிப் போடலாம். 1889ல் ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் மிசிசிப்பியில் 75 சுற்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் சண்டை போட்டது இந்த விதியில்தான்.

பழைய ஓவியங்களில் பாக்ஸர்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து, கைகளை முன்னால் நீட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அறியாமை அல்ல. மண்டை ஓடு கெட்டி, விரல் எலும்பு மென்மை. வெறுங்கையால் தலையில் ஓங்கிக் குத்தினால் குத்தியவன் கைதான் உடையும். அதனால் அடி பெரும்பாலும் உடம்புக்கும் முகத்தின் மென்மையான இடங்களுக்கும் போனது. தவிர, எதிராளி பிடித்துத் தூக்கிப் போடாமல் இருக்க அவனைத் தள்ளியே வைக்க வேண்டும். இன்றைய பாக்ஸர் போல இரண்டு கையையும் கன்னத்தில் ஒட்டி வைத்தால், மறைத்துக்கொள்ள அங்கே கிளவுஸே இல்லையே.

1867ல் வெளியான குவின்ஸ்பரி விதிகள் இதையெல்லாம் மாற்றின. கிளவுஸ், மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு, பத்து எண்ணுவது, மல்யுத்தப் பிடிக்குத் தடை. 1892ல் நியூ ஆர்லியன்ஸில் சல்லிவன் கிளவுஸ் மாட்டிக்கொண்டு தன் பட்டத்தை வைத்து மோதியபோது, அவரைவிட எடை குறைந்த ஜிம் கார்பெட் நகர்ந்து நகர்ந்தே ஆடி 21ஆவது சுற்றில் வீழ்த்தினார். கார்பெட்டின் திறமை உண்மையானது. ஆனால் தூக்கிப் போட அனுமதி இருந்திருந்தால் அந்த நகர்வு அவ்வளவு தூரம் காப்பாற்றியிருக்குமா?

ஒரே ஒரு விதி

ஜாக் டெம்ப்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 ஜூலை 4, டொலிடோ. டெம்ப்சி சுமார் 85 கிலோ. எதிரே ஜெஸ் வில்லார்ட், ஆறரை அடி, சுமார் 111 கிலோ. முதல் சுற்றிலேயே வில்லார்ட் ஏழு முறை விழுந்தார். மூன்று சுற்று முடிந்ததும் போதும் என்று விலகிக்கொண்டார். "பாத்தீங்களா, அந்தக் காலத்துல சின்ன ஆளே மலையைச் சாய்ச்சான்" என்று சொல்பவர்கள் காட்டும் முதல் உதாரணம் இது.

கொஞ்சம் பொறுங்க. அந்தப் படத்தில் டெம்ப்சி எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். விழுந்த வில்லார்ட் பக்கத்திலேயே நிற்கிறார். முட்டி தரையை விட்டு எழும்பியதும் மறுபடி அடி. இன்று இது முடியாது. விழுத்தியவர் ஒதுக்குப்புற மூலைக்குப் போக வேண்டும், அதன் பிறகுதான் நடுவர் எண்ணுவார்.

1927ல் சிகாகோவில் இந்த விதியோடு டெம்ப்சி ஜீன் டன்னியைச் சந்தித்தார். ஏழாவது சுற்றில் டன்னி விழுந்தார். பழைய பழக்கத்தில் டெம்ப்சி பக்கத்திலேயே நின்றார். நடுவர் அவரை மூலைக்கு அனுப்பிவிட்டு எண்ணத் தொடங்கியபோது பல நொடிகள் போய்விட்டன. டன்னி எழுந்தார், சண்டையையும் ஜெயித்தார். 'நீண்ட எண்ணிக்கை' என்று வரலாற்றில் பெயர் பெற்ற சம்பவம் இது. டெம்ப்சிக்கு அப்போது வயது 32, முன்பிருந்த வேகம் இல்லை என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதான். இருந்தாலும், ஒரு விதி மாறியதில் ஒரு ஸ்டைலின் கூர்மையான பகுதி போயேவிட்டது.

15 சுற்றும் 12 சுற்றும்

விதி மாற்றங்களில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது இதுதான். 1941ல் ஜோ லூயிஸ், பில்லி கான் மோதினார்கள். கான் லைட் ஹெவிவெயிட்டிலிருந்து வந்தவர், 80 கிலோகூட இல்லை. 12 சுற்று முடிந்தபோது மூன்றில் இரண்டு அட்டைகளில் கான் முன்னிலை, ஒன்றில் சமம். 13ஆவது சுற்றில் அவரே நாக்அவுட்டுக்குப் போய், லூயிஸிடம் மாட்டி வீழ்ந்தார்.

1952ல் மார்சியானோ பட்டம் வென்ற சண்டையும் அப்படித்தான். 12 சுற்று முடிவில் மூன்று அட்டைகளிலும் ஜெர்சி ஜோ வால்காட்தான் முன்னால். 13ஆவது சுற்றில் மார்சியானோவின் வலது கை ஒரே ஒரு முறை பேசியது. 1978ல் லாரி ஹோம்ஸும் கென் நார்ட்டனும் 15 சுற்று முழுதும் ஆடி, கடைசியில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஹோம்ஸ் பட்டம் வாங்கினார்.

இன்றைய 12 சுற்றுக் கணக்குப்படி பார்த்தால் லூயிஸ் கானிடம் பட்டத்தை இழந்திருப்பார், மார்சியானோவின் 49-0 என்ற கணக்கே இருந்திருக்காது. ஆனால் இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 12 சுற்றுதான் என்று தெரிந்திருந்தால் மார்சியானோ எட்டாவது சுற்றிலேயே அவசரப்பட்டிருப்பார். கானும் 13ஆவதில் வீரம் காட்ட வேண்டிய நிலைமையே வந்திருக்காது. மார்சியானோவின் முறையே முதல் பத்து சுற்றில் எதிராளியின் தோள், கை, விலா என்று எட்டியதையெல்லாம் அடித்துச் சோர்வடைய வைத்து, பிற்பாடு வசூல் செய்வது. வசூல் தேதி முன்னால் வந்தால் அந்த வியாபாரமே வேறு மாதிரி ஆகிவிடும்.

உடம்பு

இது விட முடியாத விஷயம். இன்று குரூசர்வெயிட் என்று ஒரு பிரிவு இருக்கிறது. உச்ச வரம்பு 200 பவுண்டு, அதாவது சுமார் 91 கிலோ. டெம்ப்சி, மார்சியானோ, ஃப்ளாய்ட் பேட்டர்சன் எல்லோரும் இன்று இருந்தால் அந்தப் பிரிவில்தான் ஆடுவார்கள். லூயிஸ் எல்லைக்கோட்டில் நிற்பார். அவர்கள் காலத்தில் அந்தப் பிரிவு இல்லை. 79 கிலோ தாண்டினால் எல்லோருமே ஹெவிவெயிட்.

பெரிய உடம்பு புதுசு இல்லை. வில்லார்ட் இருந்தார், சுமார் 118 கிலோ எடையுள்ள ப்ரைமோ கார்னெரா 1933ல் சாம்பியனாகவே இருந்தார். 1935ல் லூயிஸ் அவரை ஆறு சுற்றில் முடித்தார். புதுசு எது என்றால், அந்த உடம்போடு பாக்ஸிங்கும் தெரிந்த ஆட்கள். லெனாக்ஸ் லூயிஸ், விளாடிமிர் கிளிட்ச்கோ, டைசன் ஃப்யூரி. கிளிட்ச்கோ ஜாப் போட்டு எதிராளியைத் தூரத்தில் நிறுத்துவார், உள்ளே வந்தால் கட்டிப்பிடித்து மேலே சாய்வார். அழகில்லை என்று திட்டினார்கள். ஆனால் பத்து வருஷம் ஹெவிவெயிட்டை ஆண்டது அந்த முறைதான். 2020ல் டியோன்டே வைல்டருடன் இரண்டாவது முறை மோதியபோது ஃப்யூரி 124 கிலோவோடு சாய்ந்து சாய்ந்தே அவர் காலில் இருந்த தெம்பை உறிஞ்சினார். தோளில் ஒரு மூட்டை அரிசியை வைத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள், புரியும்.

நெருங்கி அடிக்கும் கலை எங்கே போனது?

நான் பழைய சண்டைகளைப் பார்க்கும்போது ரொம்பவும் ஏங்குவது இதற்குத்தான். நெற்றி எதிராளியின் தோளில், ஒரு கை அவர் முழங்கைக்கு உள்ளே, இன்னொரு கை விலாவில். ஃப்ரேசியர், மார்சியானோ, இளவயது மைக் டைசன் எல்லோருக்கும் சோறு போட்ட இடம் அது.

குறைந்துபோனதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, நடுவர்கள் இன்று சீக்கிரம் பிரித்துவிடுகிறார்கள். உள்ளே நுழைய ஐந்து குத்து வாங்கினவனை, இரண்டு குத்து போடுவதற்குள் வெளியே அனுப்பினால் அவன் ஏன் உள்ளே வரப்போகிறான்? இரண்டு, கிளவுஸ். டெம்ப்சி மாட்டியது இன்றைய 10 அவுன்ஸ் கிளவுஸில் ஏறத்தாழப் பாதி. சின்ன கிளவுஸ் கையிடுக்கில் நுழையும், பெரியது தட்டி நிற்கும்.

மூன்றாவது அமெச்சூர் பாக்ஸிங். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸுக்கு நடந்த அநியாயத் தீர்ப்புக்குப் பிறகு, 1992 முதல் 2012 வரை ஒலிம்பிக்கில் கம்ப்யூட்டர் பொத்தானால் புள்ளி போட்டார்கள். நடுவர்கள் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. தெளிவாகத் தெரியும் நீண்ட நேர்குத்து எண்ணப்பட்டது. நெருக்கத்தில் விழும் விலா அடி யார் கண்ணிலும் படவில்லை. கிளிட்ச்கோ 1996ல், ஆன்டனி ஜோஷுவாவும் ஒலெக்சாண்டர் உசிக்கும் 2012ல் தங்கம் வாங்கியது இந்த முறையில்தான். உள்ளே வா, தொடு, வெளியே போ. ஒரு தலைமுறையே இப்படி வளர்ந்தது.

மூவரை இன்றைய ரிங்கில் வைத்தால்

அலி கையைத் தொங்கவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் குத்திலிருந்து தப்புவார். தன்னைவிட நீளக் கை இல்லாத எதிராளியிடம் இது செல்லும். ஃப்யூரியின் கை வீச்சு 85 அங்குலம். பின்னால் சாய்ந்தால் அங்கேயும் கை வரும். தவிர, 1963ல் ஹென்றி கூப்பரும் 1971ல் ஃப்ரேசியரும் அலியைத் தரையில் உட்கார வைத்தது ஒரே குத்தில்தான்: இடது ஹுக். ஆக, இன்றைய ராட்சதர்களோடு அலி கழுத்தை நம்பாமல் காலை நம்ப வேண்டும். 1966ல் இருந்த கால் என்றால், நான் அவர் பக்கம்தான்.

ஃப்ரேசியருக்குக் கஷ்டம். குனிந்து குனிந்து வருபவருக்கு மேல்நோக்கி வரும் குத்து எமன். 1973ல் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டு சுற்றில் ஆறு முறை வீழ்த்திக் காட்டினார். உயரமான, கனமான இன்றைய ஆட்கள் அதே பாடத்தைத்தான் நடத்துவார்கள்.

எந்தக் காலத்துக்கும் எடுத்துப்போகக்கூடிய ஸ்டைல் என்று என்னைக் கேட்டால் லூயிஸ். சின்னச் சின்ன அடி வைத்து நகர்வார், குத்து ஒரு முழம்கூடப் போகாது, ஒன்றின் பின்னால் இன்னொன்று காத்திருக்கும். நடுவரையோ கிளவுஸையோ நம்பிய முறை அல்ல அது. ஓட்டை இல்லாமல் இல்லை. ஜாப் போட்ட பிறகு இடது கை தாழ்ந்து திரும்புவதைப் படத்தில் பார்த்துத்தான் 1936ல் மேக்ஸ் ஷ்மெலிங் அவரை நாக்அவுட் செய்தார்.

உசிக் சொல்லும் பதில்

"பெரிய ஆளுதான் ஜெயிப்பான், பழைய கதையெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். அப்போதுதான் குரூசர்வெயிட்டிலிருந்து உசிக் வந்தார். உயரம் ஆறடி மூன்று அங்குலம், கிட்டத்தட்ட அலியின் அளவு. 2021ல் ஜோஷுவா, மறுவருடம் மீண்டும் ஜோஷுவா. 2024 மே மாதம் ரியாத்தில் ஃப்யூரியை வென்று, 1999ல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பட்டங்களையும் ஒன்றாக்கிய முதல் ஹெவிவெயிட் ஆனார். டிசம்பரில் மறுபடி மோதியபோது ஃப்யூரி சுமார் 127 கிலோ, உசிக் 102. மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள்.

அவர் என்ன செய்கிறார்? இடதுகைக்காரர். முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளியே வைக்கிறார். முன்கையைத் தட்டித் தட்டி ஜாபைக் கெடுக்கிறார். நின்று மூச்சு வாங்க விடுவதில்லை. வயிற்றில் இடது கையைப் போட்டுக்கொண்டே இருக்கிறார். எட்டு, ஒன்பதாவது சுற்றில் பெரிய உடம்பு தன் எடையையே சுமக்க முடியாமல் தவிக்கும்போது, வசூலுக்கு வருகிறார். முதல் சண்டையின் ஒன்பதாவது சுற்றில் ஃப்யூரி கயிறுகளுக்கு நடுவே தள்ளாடியதைப் பாருங்கள். மார்சியானோ செய்த அதே வியாபாரம்தான், தவணை மட்டும் 12 சுற்றுக்கு ஏற்ற மாதிரி.

அவருக்கு இந்தப் படிப்பு எங்கே கிடைத்தது என்பதும் முக்கியம். அலி 1966ல் மட்டும் ஐந்து முறை பட்டத்தைப் பணயம் வைத்தார். இன்றைய சாம்பியன் வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பழையவர்கள் தொழிலை ரிங்கிலேயே கற்றார்கள். உசிக் முந்நூறுக்கும் மேற்பட்ட அமெச்சூர் போட்டிகளில் கற்றுக்கொண்டு வந்தார்.

பட்டியலில் இல்லாதவர்கள்

இரண்டு காலத்தையும் ஒப்பிடும்போது, யாருக்கெல்லாம் கதவு சாத்தியிருந்தது என்றும் பார்க்க வேண்டும். 1915ல் ஜாக் ஜான்சன் தோற்ற பிறகு 1937ல் லூயிஸ் வரும்வரை, 22 வருடம் ஒரு கறுப்பருக்குக்கூட ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்புத் தரப்படவில்லை. ஹாரி வில்ஸ் வருடக்கணக்கில் காத்திருந்தார். டெம்ப்சி அவரோடு மோதவே இல்லை. பிற்காலத்தில் வேறு கதவு. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் தொழில்முறைக்கு வரவே இல்லை. சோவியத் நாட்டுப் பாக்ஸர்களுக்கும் 1980களின் கடைசிவரை வழி இல்லை. இன்று உக்ரேனியர்கள் ஆள்வதைப் பார்த்து "அமெரிக்க பாக்ஸிங் கெட்டுப்போச்சு" என்பவர்கள் இதை மறக்கிறார்கள். முன்பு போட்டிக்கே வராத ஆட்கள் இப்போது வருகிறார்கள், அவ்வளவுதான்.

விலை

"15 சுற்றைத் திரும்பக் கொண்டுவாங்க, அப்பத்தான் நிஜ ஆம்பளை யாருன்னு தெரியும்" என்று அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுற்றுகளைக் குறைத்தது சும்மா இல்லை. 1982ல் லாஸ் வேகாஸில் தென்கொரியாவின் கிம் டுக்-கூ 14ஆவது சுற்றில் விழுந்து, நான்கு நாளில் இறந்தார். அதன் பிறகுதான் ஒவ்வொரு அமைப்பாக, 1988க்குள் 12க்கு வந்தன.

மூளைச் சேதம் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928லேயே எழுதிவிட்டார். கிளவுஸ் காப்பாற்றுவது குத்துபவரின் கையை. கை பத்திரமாக இருப்பதால்தான் தலையில் நூற்றுக்கணக்கில் குத்த முடிகிறது. அலியோடும் ஃப்ரேசியரோடும் தலா இரண்டு முறை மோதிய ஜெர்ரி குவாரி, நினைவெல்லாம் அழிந்து 53 வயதில் 1999ல் இறந்தார். நாம் "செம ஃபைட்" என்று ரசிக்கும் அந்தப் படங்களில் அவர் வாங்கும் ஒவ்வொரு குத்தும் இருக்கிறது. இன்றைய ஆட்கள் இன்னும் 20, 30 கிலோ கூடுதல் எடையோடு குத்துகிறார்கள். அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மோதுவதையும் கட்டிப்பிடித்து மூச்சு வாங்குவதையும் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த முறை யாராவது "லூயிஸா ஃப்யூரியா?" என்று கேட்டால், விதியை முதலில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். இன்றைய 12 சுற்று, 10 அவுன்ஸ், சீக்கிரம் பிரிக்கும் நடுவர் என்றால் என் காசு ஃப்யூரி மேல். 1941ன் 15 சுற்று, சின்ன கிளவுஸ், நெருக்கத்தில் அடிக்க விடும் நடுவர் என்றால் லூயிஸ், 11 அல்லது 12ஆவது சுற்றில். உசிக்கை மட்டும் எந்த வருஷத்தில் இறக்கினாலும் நான் எதிர்த்துப் பணம் கட்ட மாட்டேன்.